டெங்குக் காலத்தில் பகலிலும் இறக்கிவிடக்கூடிய வலை எது? கொழும்பில் கிடைக்கும் மூன்று வகைகளின் மதிப்பீடு

டெங்கு பரவும் மாதங்களில் கொழும்பில் நுளம்பு வலை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இரவை நினைத்தே வாங்குகிறார்கள். டெங்கைக் காவுகிற ஈடிஸ் ஈஜிப்டி நுளம்போ பகலில் கடிப்பது. பொழுது விடிந்து இரண்டு மணி நேரம், பொழுது சாய்வதற்கு முந்திய சில மணி நேரம், இவைதான் அதற்கு உச்ச வேளை. கொழும்பில் வருடம் முழுவதும் ஆறு மணியை ஒட்டியே விடிந்து ஆறு மணியை ஒட்டியே இருட்டுவதால், காலை 6 முதல் 8 வரை, மாலை 4 முதல் 6.30 வரை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஐந்தரைக்குக் குசினிக்குப் போகிறவர் வலையைத் தூக்கிச் சுருட்டிவிட்டுப் போகிறார். பிள்ளைகள் ஏழு மணிவரை அதே கட்டிலில் வலையில்லாமல் தூங்குகிறார்கள். இரவெல்லாம் வலைக்குள் படுத்ததற்கு, டெங்கைப் பொறுத்தவரை, பலன் மிகக் குறைவாகிவிடுகிறது.

ஆகவே ஒவ்வொரு வலையையும் இங்கே ஒரே கேள்வியை வைத்துப் பார்க்கிறோம்: காலை ஏழு மணிக்கும் பின்னேரம் நான்கு மணிக்கும் வியர்த்துக் கொட்டாமல் இதற்குள் தூங்க முடியுமா? முடியாத வலை சில நாட்களிலேயே அலுமாரிக்கு மேல் ஏறிவிடும். பகலில் தூங்குகிறவர்கள் இந்த நகரத்தில் கொஞ்சப் பேர் அல்ல. கைக்குழந்தைகள், மதியம் சாயும் முதியவர்கள், இரவுக் கடமை முடித்து வரும் தாதியர், துறைமுகத்திலும் ஹோட்டல்களிலும் இரவு முறை வேலை செய்கிறவர்கள், எல்லாருக்கும் மேலாகக் காய்ச்சலில் படுத்திருப்பவர்கள். நோயாளிக்கு வலை அவசியமாவது அவருக்காக மட்டுமல்ல. காய்ச்சல் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து, காய்ச்சல் விட்டு இரண்டு நாள் வரை அவருடைய இரத்தத்தைக் குடிக்கும் ஈடிஸ் நுளம்பு வைரஸை எடுத்துக்கொள்ளக்கூடும். அதே வீட்டில் இரண்டாவது, மூன்றாவது ஆள் படுக்கையில் விழுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

2017 இல் இலங்கையில் 186,101 பேர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள், 400 க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேல் மாகாணமே முதலிடம். அப்படியான காலங்களில் நோய் வராதவர்களுக்கும் தூக்கம் போய்விடுகிறது. நடுச்சாமம் காதருகே ரீங்காரம் கேட்டதும் எழும்பி லைட்டைப் போட்டு, நுளம்பைத் தேடி, பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, பிறகு விடியும்வரை விழித்திருப்பது வழக்கமாகிவிடும். இவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரவு பன்னிரண்டு மணிக்குக் காதில் இரைகிற மண்ணிற நுளம்பு அநேகமாக கியூலெக்ஸ். அசுத்த நீர் தேங்கும் கான்களிலும் கால்வாய்களிலும் பெருகுவது, டெங்கைக் காவாதது. கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை உள்ள ஈடிஸ் சத்தம் குறைவாக வந்து கணுக்காலில் கடிக்கும். வெளிச்சமான அறையில் அது இரவிலும் கடிக்கும் என்பதால், லைட்டைப் போட்டுவைத்துக் காவல் இருப்பது பாதுகாப்பு அல்ல. வலையை இறக்கி லைட்டை அணைப்பதுதான் பாதுகாப்பு.

கடையில் நின்றபடியே பார்க்க வேண்டியவை

புறக்கோட்டைத் துணிக்கடைகளிலும் வெள்ளவத்தை மெத்தைக் கடைகளிலும் கிடைப்பவை மூன்று வகை: நான்கு மூலையிலும் கட்டும் பெட்டி வலை, ஒரே கொழுக்கியில் தொங்கும் வட்ட வலை, கம்பி வைத்த ஸிப் பூட்டும் மடிப்பு வலை. எந்த வகையானாலும் முதலில் கண்ணியின் அளவைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் ஏற்கும் குறைந்தபட்ச அளவு ஒரு சதுர அங்குலத்துக்கு 156 துளை. அளவு நாடாவை வலைமேல் வைத்து, ஒரு அங்குல நீளத்தில் குறுக்காக 12, நெடுக்காக 13 துளை இருக்கிறதா என்று எண்ணினால் போதும். அதற்குக் குறைந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பிறகு துணியை மூலைக்கு மூலை இழுத்து விடுங்கள். நல்ல பின்னல் விட்டதும் பழைய உருவத்துக்கு வரும். மலிவுப் பின்னலில் துளைகள் நீண்டு அப்படியே நிற்கும், இரண்டு கழுவலில் நுளம்பு நுழையும் அளவாகிவிடும்.

அதற்காக மிக நெருக்கமான கண்ணியைத் தேட வேண்டியதில்லை. மணல் ஈ, பேன் பூச்சி என்று சொல்லி விற்கும் நெருக்கமான வலைக்குள் காற்று நுழையாது. கொழும்பின் ஈரப்பதத்தில் அது வேக வைப்பதற்குச் சமம். 156 கண்ணியே காற்றைக் கணிசமாகக் குறைக்கும். அதற்கு மேல் போனால் பகல் தூக்கத்தை மறந்துவிடலாம்.

நிறத்தில் வெள்ளை அல்லது வெளிர் நீலம் எடுங்கள். உள்ளே சிக்கிய நுளம்பு தெரிய வேண்டும். கடும் நிறங்கள் அழுக்கை மறைக்கும், நுளம்பையும் மறைக்கும். ஓரங்களில் சரிகை வைத்த வலை பார்க்க அழகுதான், ஆனால் சரிகையின் துளைகள் கண்ணியைவிடப் பெரியவை. அது மெத்தைக்குக் கீழே செருகப்படும் பகுதியில் மட்டும் இருந்தால் பரவாயில்லை. மேலே இருந்தால் அதுவே வாசல்.

பெட்டி வலை

எங்கள் தெரிவு இதுதான், காரணம் கூரை. மேல்தட்டு சமமாக விரிந்து நிற்பதால் முகத்துக்கு மேல் வெளி இருக்கிறது. பக்கங்கள் செங்குத்தாக விழுவதால் கையும் காலும் வலையில் முட்டுவது குறைவு. வலையில் முட்டிய தோலை நுளம்பு வெளியே இருந்தபடியே கடிக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. "வலைக்குள்தானே படுத்தோம், எப்படிக் கடித்தது?" என்று கேட்பவர்களின் முழங்கையையும் கால்விரல்களையும் பாருங்கள், கடி அங்கேதான் இருக்கும்.

அளவில்தான் பெரும்பாலான பிழை நடக்கிறது. கட்டில் 72 × 60 அங்குலம் என்றால் அதே அளவு வலையை எடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 3 அங்குலம் கூட இருக்க வேண்டும், அதாவது 78 × 66. உயரத்தைக் கணக்கிடும்போது மெத்தையின் தடிப்பையும் செருகும் பகுதியையும் கழிக்க வேண்டும். 6 அங்குல மெத்தைக்கு 15 செ.மீ., கீழே செருக இன்னொரு 15 செ.மீ., ஆக 30 செ.மீ. போய்விடும். 150 செ.மீ. உயர வலையில் மெத்தைக்கு மேல் மிஞ்சுவது 120 செ.மீ. படுக்க அது போதும். நோயாளியை எழுப்பி இருத்தித் தண்ணீர் பருக்க வேண்டுமானால் 180 செ.மீ. உயர வலையை எடுங்கள்.

கட்டுவது: சீமெந்துச் சுவரானால் 6 மி.மீ. துளை, ரோல் பிளக், திருகு கொழுக்கி, நான்கு மூலைக்கும் ஒன்று. சாதாரண ஆணி சில வாரத்தில் ஆடிக் கழன்றுவிடும். வாடகை வீட்டில் சுவரில் துளை போட விடமாட்டார்கள் என்றால், 7 அடி நீளமான முக்கால் அங்குல பி.வி.சி. குழாய் நான்கை எடுத்துக் கட்டில் கால்களோடு மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். ஒரே இடத்தில் கட்டினால் குழாய் உள்ளே சாய்ந்து கூரை தொய்யும். கூரை நடுவில் தொய்கிற வலைக்கு ஒரு வழி இருக்கிறது. மூலைக் கொழுக்கிகளுக்குக் குறுக்காக இரண்டு கயிற்றை வலைக்கு உள்பக்கமாக இழுத்துக் கட்டுங்கள், துணி அதன்மேல் அமரும்.

பக்கங்களில் முட்டும் பிரச்சினைக்கு, வலையின் கீழ்ப்பகுதியில், மெத்தை மட்டத்திலிருந்து மேலே, சுற்றிவர 40 செ.மீ. அகலமான பருத்தித் துணி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். எந்தத் தையல் கடையிலும் செய்துகொடுப்பார்கள். படுத்திருக்கும் உடம்பின் உயரத்துக்குத் துணி வந்துவிடுவதால் முட்டினாலும் கடி விழாது. ஆனால் ஃபேனின் காற்று வரும் பக்கத்தில் துணியை வைக்காதீர்கள். அந்த ஒரு பக்கம் கண்ணியாகவே இருக்கட்டும்.

குறை என்று சொன்னால், பகலில் அது அறையின் பாதியை விழுங்கும். தூக்கிச் சுருட்டும் ஆசை வருவதற்குக் காரணமே அதுதான். கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கத்துச் சிறிய வீடுகளில், படுக்கையும் இருக்கையும் ஒன்றாகிற அறையில், இதைப் பகல் முழுவதும் இறக்கி வைப்பது நடைமுறைக்கு வராது. அங்கே கடைசி வகையைப் பாருங்கள்.

வட்ட வலை

ஒரே கொழுக்கி, ஒரு வளையம், பார்க்கவும் இலட்சணம். கொழும்புத் தொடர்மாடிகளில் இது தோற்பது ஒரே காரணத்தால்: கொழுக்கி போட வேண்டிய இடத்தில் ஏற்கெனவே சீலிங் ஃபேன் சுற்றுகிறது. கட்டிலை நகர்த்தி, ஃபேனுக்கு ஒதுங்கக் கட்டினால் காற்று கிடைக்காது. ஃபேனுக்கு நேர் கீழே கட்ட நினைக்கவே வேண்டாம்.

இன்னொன்று, வளையத்திலிருந்து துணி சரிந்து இறங்குவதால், உட்கார்ந்தால் தோளில் முட்டும், ஓரத்தில் படுப்பவரின் முதுகிலும் முட்டும். இருவர் படுக்கும் கட்டிலுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். திறப்பில் ஒன்றின்மேல் ஒன்றாக விழும் இரண்டு மடிப்பு இருக்கிறது. பிள்ளைகள் புரண்டால் அது விலகிவிடும், நான்கைந்து உடுப்புக் கிளிப்பால் மூடிவைக்க வேண்டும். தொட்டிலுக்கும், தரையில் பாய் விரித்துத் தனியே படுப்பவருக்கும் மட்டும் இது பொருந்தும். தரையில் படுப்பவர் துணியைப் பாய்க்கு அடியில் செருக வேண்டும், சும்மா தரையில் விழவிடக் கூடாது.

மடிப்பு வலை

பகலுக்கு என்று பார்த்தால் இதுவே வசதியானது. துளை வேண்டாம், கயிறு வேண்டாம். விறாந்தையில் போட்ட மெத்தைக்கும் ஹோலில் உள்ள சோபாவுக்கும் கொண்டுபோகலாம், பின்னேரம் மடித்துக் கதவுக்குப் பின்னால் வைக்கலாம். நோயாளியை வேறு அறைக்கு மாற்றும்போது அவரோடு போகும் வலையும் இதுதான். வீட்டில் பெட்டி வலை இருந்தாலும் டெங்குப் பருவத்தில், அதாவது தென்மேல் பருவ மழையோடு வரும் மே முதல் ஜூலை வரையும் வடகீழ்ப் பருவத்தை ஒட்டிய நவம்பர் முதல் ஜனவரி வரையும், இப்படி ஒன்று கைவசம் இருப்பது நல்லது.

வாங்கும்போது பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. முதலாவது ஸிப். இரு பக்கமும் ஸிப் வைத்ததை எடுங்கள், ஒன்று பழுதானாலும் மற்றதால் போய்வரலாம். இரண்டு இழுப்பிகள் சந்திக்கும் இடத்தில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி எப்போதும் மிஞ்சும். இரண்டையும் கீழ் மூலைக்குத் தள்ளிக் கிளிப் போட்டுவிடுங்கள். நடுவில் சந்திக்கவிட்டால் அந்த ஓட்டை முகத்துக்கு நேரே இருக்கும். வலைத் துணி ஸிப் பல்லில் மாட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் கிழிசல். மாட்டினால் முன்னே இழுக்காமல் வந்த வழியே பின்னே தள்ளி எடுக்க வேண்டும்.

இரண்டாவது கம்பி முனை. உருக்குக் கம்பி துணி உறைக்குள் ஓடுகிறது. முனைகள் சேரும் இடத்தில் உறை தேய்ந்து கம்பி வெளியே வரும், வலையைக் கிழிக்கும், பிள்ளையின் கண்ணுக்கும் ஆபத்து. வாங்கிய அன்றே அந்த இணைப்புகளைத் துணிப் பிளாஸ்டரால் மூன்று சுற்றுச் சுற்றிவிடுங்கள்.

அடித்தளத் துணி உள்ளதா இல்லாததா என்று கடைக்காரர் கேட்பார். தரையில் படுப்பவருக்கு அடித்தளம் உள்ளது. கட்டிலுக்கு அடித்தளம் இல்லாததை வாங்கி ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகலாம், வியர்வையும் குறைவு.

வளைந்த கூரை தாழ்வாக இருப்பதே இதன் பெரிய குறை. காற்று உள்ளே தேங்கும், கால்மாட்டில் பாதம் முட்டும். கட்டிலைவிட ஒரு அளவு பெரியதாக எடுத்தால் ஓரளவு தீரும். சிக்குன்குனியா வந்தவருக்கு இது ஒத்துவராது. அதுவும் இதே நுளம்பால் வருவதுதான். மூட்டு வீங்கி, காலையில் விரல் மடங்காமல் இருப்பவரால் ஸிப்பைத் திறந்து குனிந்து வெளியே வர முடியாது, இரவில் மலசலகூடத்துக்குப் போவதே வேதனையாகிவிடும். அவருக்குப் பெட்டி வலை, அதுவும் தூக்கிவிட்டு இறங்கக்கூடிய பக்கம் சுவரோரம் இல்லாமல்.

ஃபேன் இல்லாமல் வலை இல்லை

உடம்பின் உட்சூடு சற்று இறங்கினால்தான் தூக்கம் பிடிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் கொழும்பில் இரவு வெப்பமே 26, 27 பாகையில் நிற்கும், காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். வலை அதற்குமேல் காற்றையும் தடுக்கிறது. "வலைக்குள் மூச்சு முட்டுகிறது" என்பது உண்மையான முறைப்பாடு, பயம் அல்ல.

சீலிங் ஃபேன் பெட்டி வலைக்கு மேல் சுற்றலாம். தட்டையான கூரை வழியாகக் காற்று இறங்கும், ஆனால் பலம் குறைந்துதான் இறங்கும். வலைக் கூரைக்கும் ஃபேன் இதழுக்கும் இடையே குறைந்தது 30 செ.மீ. இருக்கட்டும். கட்டிலும் மெத்தையுமாக 60 செ.மீ., அதன்மேல் 180 செ.மீ. உயர வலையில் மிஞ்சும் 150 செ.மீ. என்றால் வலைக் கூரை தரையிலிருந்து 210 செ.மீ. இல் நிற்கும். உங்கள் ஃபேன் இதழ் 240 இலோ அதற்கு மேலோ இருந்தால் சரி. இதைவிடப் பலன் தருவது மேசை ஃபேன் அல்லது ஸ்டாண்ட் ஃபேன். மெத்தையின் மட்டத்துக்கு இறக்கி, வலையிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து, கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்குக் காற்று ஓடும்படி திருப்புங்கள். அறை மூலையில் வைத்துச் சுழலவிடுவதில் வலைக்குள் எதுவும் வராது. வலை ஓரம் ஃபேன் கம்பிக்குள் இழுபடாதபடி அந்தப் பக்கத்தை நன்றாகச் செருகிவிட வேண்டும். ஃபேன் காற்றில் நுளம்பு பறக்கத் திணறும் என்பது கூடுதல் நன்மை.

வலையில் படியும் தூசியும் காற்றை அடைக்கும். காலி வீதியை ஒட்டிய வீடுகளில் ஒரு மாதத்திலேயே கண்ணி சாம்பல் நிறமாகிவிடும். "முதலில் நன்றாக இருந்தது, இப்போது புழுங்குகிறது" என்றால் முதலில் வலையைக் கழுவுங்கள். குளிர்ந்த நீர், மென்மையான சவர்க்காரம், வெளுப்பான் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது, நிழலில் உலர்த்த வேண்டும். பூச்சிமருந்து ஏற்றிய வலையானால் நிழல் கட்டாயம். அடிக்கடி கழுவவும் கூடாது, ஏனென்றால் அவை சுமார் 20 கழுவலுக்குத்தான் வடிவமைக்கப்பட்டவை.

வலைக்குப் பதிலாக விற்கப்படும் மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். நுளம்புத் திரி ஒன்று எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று அளந்து பார்த்த ஆய்வு இருக்கிறது. யன்னல் சாத்திய அறையில் காய்ச்சல்காரருக்குப் பக்கத்தில் அதைக் கொளுத்தாதீர்கள். வலைக்குள் கொளுத்துவது தீ விபத்து. 2022 இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் போன நாட்களில் பல வீடுகளுக்குத் திரிதான் கைகொடுத்தது என்பதை மறுக்கவில்லை. அப்படியான நேரத்தில் யன்னலைத் திறந்து, திரியை யன்னலோரம் தரையில் வையுங்கள். ஒலி எழுப்பி நுளம்பை விரட்டும் கருவிகளும் செல்போன் செயலிகளும் வேலை செய்வதில்லை. பரிசோதித்த ஆய்வுகளில் கடி குறைந்ததாகக் காணப்படவில்லை, அந்தக் காசை வலைக்குப் போடுங்கள்.

காய்ச்சல்காரர் வலைக்குள் படுத்திருக்கும்போது

வலை எவ்வளவு நல்லதாயினும், மணிக்கொரு தடவை அதைத் திறந்தால் நோயாளிக்கும் தூக்கமில்லை, பராமரிப்பவருக்கும் தூக்கமில்லை. இதைக் குறைக்க நேர அட்டவணை ஒன்று போதும். வைத்தியர் வீட்டில் வைத்துப் பார்க்கச் சொன்ன, காய்ச்சல் இன்னும் விடாத நாட்களுக்கு மட்டும் இது பொருந்தும்.

வளர்ந்தவருக்குப் பரசிட்டமோல் 500 மி.கி. வில்லை இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. எடை குறைந்தவருக்கு வைத்தியர் குறைத்துச் சொல்வார், பிள்ளைகளுக்கு எடைக்கு ஏற்ற அளவு. இரவு 10, காலை 4, காலை 10, மாலை 4 என்று வைத்துக்கொண்டால், பத்திலிருந்து நான்கு வரை ஆறு மணி நேரம் தொடர்ந்து தூங்கலாம். எட்டு மணிக்குத் தொடங்கினால் இரவு இரண்டு மணிக்கு எழுப்ப வேண்டி வரும், அதற்குப் பிறகு யாருக்கும் தூக்கம் வராது. பரசிட்டமோல் போட்டும் காய்ச்சல் முழுதாக விடாமல் இருக்கலாம். அதற்காக இடையில் கூடுதல் வில்லை கொடுக்கக் கூடாது.

50 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு நாளுக்குச் சுமார் 2500 மி.லீ. பானம் தேவை, அதற்குக் குறைந்தவருக்குக் கிலோவுக்கு 50 மி.லீ. காலை 6 முதல் இரவு 10 வரை மணிக்கு 140 மி.லீ. கொடுத்தால் 17 தடவையில் 2380 ஆகிறது. மிச்சம் 120 ஐ அதிகாலை நான்கு மணி மருந்தோடு கொடுத்தால் கணக்குச் சரி. ஜீவனி (உப்பும் சர்க்கரையும் கலந்த நீரேற்றக் கரைசல்), கஞ்சி, இளநீர், பழச்சாறு என்று மாற்றிக் கொடுங்கள், வெறும் தண்ணீர் மட்டும் போதாது. பீட்ரூட், கோப்பி, கோலா, சொக்லேட் பானம் போன்ற சிவப்பு, மண்ணிறப் பானங்கள் வேண்டாம். வாந்தி எடுத்தால் அது இரத்தமா பானமா என்று தெரியாமல் போகும்.

வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் பத்து மணியையும் மற்றவர் நான்கு மணியையும் பொறுப்பெடுங்கள். இருவரும் விழித்திருப்பது யாருக்கும் உதவாது. ஒரு கொப்பியில் நேரம், காய்ச்சல், குடித்த அளவு, சிறுநீர் போன நேரம் எழுதி வலைக்கு வெளியே வையுங்கள். எழுதியிருந்தால், நடுச்சாமம் விழிப்பு வந்தவர் நோயாளியை எழுப்பாமலே கொப்பியைப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுக்கலாம். நான்கு மணிக்கு எழுப்பும்போது மூன்றைப் பாருங்கள்: கைகால் சூடாக இருக்கிறதா, பத்து மணிக்குப் பிறகு சிறுநீர் போகிறதா, கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொல்லி எழுந்திருந்து குடிக்கிறாரா.

கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். டெங்கில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும்போது தொடங்கும், 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். "காய்ச்சல் விட்டது, நிம்மதியாகத் தூங்குகிறார்" என்று வீட்டார் ஆறுதல் அடையும் நேரமும் அதுவே. எழுப்பினால் எழும்பி, கதைத்து, குடித்து, மறுபடி தூங்குவது தூக்கம். எழுப்பியும் சோர்ந்து சாய்வது, பதில் குழறுவது, அல்லது காரணமில்லாமல் அந்தரப்பட்டுப் புரள்வது, இவை எச்சரிக்கை. கடும் வயிற்று வலி, விடாத வாந்தி, எங்காவது இரத்தக் கசிவு, குளிர்ந்த கைகால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவையை அழைத்து வைத்தியசாலைக்குப் போங்கள். மூன்றாம் நாளிலிருந்து தினமும் எடுக்கச் சொல்லும் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

இதனால்தான் காய்ச்சல்காரருக்குத் தூக்க மாத்திரையும், தூக்கம் வரவைக்கும் சளி மருந்தும் பாமசியில் கேட்டு வாங்கிக் கொடுக்கக் கூடாது என்று அழுத்திச் சொல்கிறோம். மருந்தின் மயக்கமா நோயின் மயக்கமா என்று பிரித்தறிய முடியாது. உடம்பு நோவுக்காக அஸ்பிரின், ஐபுபுரூபன், டைக்ளோபெனாக், மெபெனமிக் அசிட் எதுவும் வேண்டாம், இரத்தப்போக்கைக் கூட்டும். நோவு தூக்கத்தைக் கெடுத்தால் முழங்காலுக்கு அடியில் தலையணை, நெற்றியிலும் கழுத்திலும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணி, பாதத்துக்கு ஃபேன் காற்று. ஐஸ் நீர் வேண்டாம், நடுக்கம் எடுத்தால் காய்ச்சல் கூடும்.

குணமாகும் நாட்களில் கைகாலில் சிவந்த தடிப்பும் அரிப்பும் வந்து மறுபடி தூக்கத்தைப் பறிக்கும். கலமைன் பூசலாம், அரிப்பு மருந்தை வைத்தியர் சொன்னபடி எடுக்கலாம், வலை ஓரம் தோலில் உரசாமல் பருத்தி உடுப்புப் போடலாம். களைப்பு பல வாரம் நீடிக்கக்கூடும். பகலில் சாய்வது தேவைதான், ஆனால் மூன்று மணிக்குமுன் அரை மணி நேரத்துக்குள் முடித்துக்கொண்டால் இரவுத் தூக்கம் கெடாது. காலையில் எழும்பும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். பயத்தாலோ நோய் பற்றிய யோசனையாலோ தூக்கமின்மை வாரக்கணக்கில் தொடர்ந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தில் தமிழிலேயே கதைக்கலாம்.

காய்ச்சல் விட்ட இரண்டு நாளுக்குப் பிறகு நோயாளியின் வலையைக் கழற்றலாம் என்று நினைப்பவர்கள் அதை அதே கட்டிலிலேயே விட்டுவிடுங்கள். டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒன்று வந்து போனவருக்கு மற்ற மூன்றும் வரலாம், இரண்டாம் தடவை வருவது கடுமையாக இருக்கும் சாத்தியமும் கூட. கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கழுவி, ஒளிக்கு எதிரே பிடித்துத் துளை பார்த்து, ஓட்டைகளை நூலால் தைத்து மூடி, மடித்து வையுங்கள். விரல் நுழையும் ஓட்டைக்குப் பழைய வலைத் துண்டு ஒன்றை வைத்துத் தைக்க வேண்டும். ஒட்டுத்தாள் ஒரு கழுவலுக்குமேல் நிற்காது.